பிரேக் அக்காவின் இடது கால்

அந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. "எப்படியாவது பிரேக் அக்கா வண்டியில போட்டுடுங்க" என்று கெஞ்சுகிற கட்சி ஒன்று. "யார் வண்டியில வேணும்னாலும் ஏறுறேன், பிரேக் அக்கா மட்டும் வேண்டாம்" என்று கும்பிடுகிற கட்சி இன்னொன்று. நடுவில் நிற்கிற ஆள் கிடையாது.

பயிற்சிக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் இடம் அது. மற்றவர்கள் ஆபத்து வந்த பிறகு "ஐயோ" என்று அலறிக்கொண்டே மிதிப்பார்கள். பிரேக் அக்கா அலற மாட்டாள். இவள் வலது கால் பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே காத்துக்கொண்டிருக்கும். தொடாது, விலகவும் விலகாது. வேண்டிய நொடியில் இறங்கும், வண்டி நிற்கும், கால் மறுபடி மேலே போய்விடும். ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தானே நிறுத்தியதாகத்தான் தோன்றும்.

"பிரேக்க மிதிக்கிறது யார் வேணும்னாலும் செய்யலாம். மிதிக்காம கால வச்சிருக்கணும் பாருங்க, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பாள்.

கால் அப்படி நிதானம் என்றால் வாய் அதற்கு நேர் எதிர். "ஸ்டியரிங்க நல்லாப் பிடிங்க சார், அது உங்க மாமியார் கை இல்ல." "கண்ணாடியப் பாக்கச் சொன்னது பின்னால வர்ற லாரிய, உங்க மீசைய இல்ல." திட்டு வாங்கி அழுதவர்கள் உண்டு. அழுதவர்கள்தான் பிறகு தம்பியையும் மருமகளையும் அவளிடமே அனுப்பி வைத்தார்கள். தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இப்படி இருந்தவளுக்கு ஒரு நாள் காலையில் சிவப்பு நிறம் காணாமல் போனது.

சிக்னலில் வண்டி நிற்கிறது. வலது கண்ணில் தூசி விழுந்ததுபோல ஒரு உறுத்தல், கண்ணை அசைத்தால் வலி. இடது கண்ணை மூடிப் பார்த்தாள். எதிரே எரிந்த சிவப்பு விளக்கு வெளுத்துப்போன பழைய செங்கல் மாதிரி தெரிந்தது. கண்ணை மாற்றி மூடினாள், சிவப்பு பளிச்சென்று வந்தது. அன்றைக்கே வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண் டாக்டர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பரிசோதனை என்று எல்லாம் முடிந்த பிறகு, நரம்பு டாக்டரம்மா கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். எல்லாரும் எம்.எஸ். என்பார்கள். மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஓடுகிற நரம்புகளுக்கு மேலே ஒரு உறை உண்டு. அந்த உறை அங்கங்கே பிய்ந்துபோகிறது.

அவள் கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. "எலி கடிச்ச வயர் மாதிரி. அப்படித்தானே டாக்டர்?"

"அப்படித்தான். ஆனா எலி வெளியில இருந்து வரல. உடம்புக்குக் காவல் இருக்கிற எதிர்ப்புச் சக்தியே வழி தவறிப்போய்க் கடிக்குது" என்றார் டாக்டரம்மா.

கண் சில வாரங்களில் ஏறக்குறைய பழையபடி ஆனது. அதற்குப் பிறகுதான் மருந்து. வாரத்துக்கு மூன்று முறை தனக்குத் தானே போட்டுக்கொள்கிற ஊசி. டாக்டரம்மா பூசி மெழுகவில்லை. "இது குணமாக்குற மருந்து இல்ல. இதப் போட்டா உங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரி எதுவும் தெரியாது. நோய் அடுத்த தடவை அடிக்கிறதக் குறைக்கும், தள்ளிப்போடும். அவ்வளவுதான் இதோட வேலை. விடாமப் போடணும்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

ஃப்ரிட்ஜ்காரன் வீட்டு ஃப்ரிட்ஜ் அந்தத் தெருவிலேயே கேவலமான ஃப்ரிட்ஜ். ஊரார் வீட்டுப் பெட்டியெல்லாம் ஜில்லென்று ஓட, இவன் வீட்டுப் பெட்டி கிழவன் மாதிரி இருமிக்கொண்டு கிடந்தது. ஊசி வந்த அன்றே அதைப் பிரித்துப் போட்டு, ரப்பர் மாற்றி, உள்ளே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டான். நடுத்தட்டைக் காலி செய்து, 'இது அவளுடைய தட்டு, தக்காளிகூட வைக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டினான். ஊசி போடும் நாளில் முன்னதாகவே அதை வெளியே எடுத்து வைப்பான், ஜில்லென்று இறங்கினால் அவளுக்கு வலிக்கும் என்று.

ஊசி குத்துகிற வலி ஒன்றுமே இல்லை. பிறகு வருவதுதான் கொடுமை. காய்ச்சல் மாதிரி அனலாய்க் கொதிக்கும், நடுங்கும், உடம்பை அடித்துப் போட்டதுபோல இருக்கும். காலையில் எழுந்து, அந்த உடம்போடு யாரோ ஒருவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத்தர வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓட்டினாள்.

அங்கேதான் அவள் தொழில் அவள் காலை வாரிவிட்டது. தினமும் காலையில் வண்டியில் ஏறியதும் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொள்வாள். ஒரு கண்ணை மூடி சிவப்பைப் பார்ப்பாள். வலது காலால் பிரேக்கை மிதித்துப் பார்ப்பாள். "பாஸ்" என்று சொல்லிக்கொள்வாள். பரீட்சையில் தேறினால் லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால் வகுப்பு முடிந்தது. இத்தனை வருஷம் அவள் பார்த்தது அதைத்தானே? நாள் தவறாமல் பாஸ் ஆகிற ஒருத்திக்கு இன்னும் எதற்கு இந்த ஊசி என்று ஒரு நாள் தோன்றியது. நன்றாக இருப்பது தன் உடம்பு, நடுங்க வைப்பது மருந்து என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

அடுத்த மாத ஊசி வாங்கப் போகவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்கவும் போகவில்லை. வீட்டில் கூசாமல் ஒரு பொய். "டாக்டரே போதும்னு சொல்லிட்டாங்க."

கணவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. அன்றைக்கே அந்தத் தட்டில் தக்காளி ஏறியது. காய்ச்சல் போனது. அவள் திட்டுகளில் பழைய காரம் திரும்பியது. மாதங்கள் ஓடின.

அப்படி இருக்கும்போதுதான் தையல்காரம்மா வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதுக்காரி. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறவள். தைத்த மூட்டையைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னால் மகன் நாளைக்கு நாளைக்கு என்று தண்ணி காட்டுகிறானாம். "இனிமே அவன் முகத்தப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன், நானே ஓட்டுறேன்" என்று ரோஷமாக வந்தவள். தையல் மெஷினை மிதித்து மிதித்துப் பழகிய கால். சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்று பிரேக் அக்கா நினைத்தாள்.

நடந்ததோ வேறு. வண்டியை எடுப்பாள், ஒரு குலுக்கல், இன்ஜின் அணைந்துபோகும். மறுபடி எடுப்பாள், மறுபடி அணையும். மேட்டில் சொல்லவே வேண்டாம். ஓடுகிற வண்டியும் சண்டிமாடு மாதிரி இழுக்கமாட்டேன் என்றது.

"கிளட்ச மெதுவா விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? துணி தைக்கிற காலா இது, துணி துவைக்கிற காலா?"

"மெதுவாத்தான் விடுறேன் அக்கா. வண்டியே என்னமோ பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு."

"ஆமா, வண்டிய நான் கயிறு கட்டிப் பிடிச்சு வச்சிருக்கேன். சொன்னதச் செய்ங்க."

வகுப்புக்கு வகுப்பு இதே கதை. தையல்காரம்மா வீட்டுக்குப் போய் இரண்டு காலையும் நாற்காலிக்கு முன்னால் வைத்துப் பழகிப் பார்த்தாளாம். எனக்கு இந்த ஜென்மத்தில் வராது போலிருக்கிறது என்று ஒரு நாள் கண் கலங்கிவிட்டாள். பிரேக் அக்கா அதற்கும் மனம் இளகவில்லை. "அழுதா வண்டி ஓடாது, பெட்ரோல் ஊத்தினாத்தான் ஓடும்" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ்காரனின் ஸ்கூட்டர் தற்செயலாக அந்தக் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. மனைவியின் வண்டியாயிற்றே என்று கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தான். ஒரு விஷயம் அவனுக்குப் புரியவில்லை. பிரேக் பிடித்தால் எரிய வேண்டிய பின்பக்கச் சிவப்பு விளக்கு, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே விடாமல் எரிந்தது. தெரு முழுக்க எரிந்தது. முந்திக்கொண்டு போய்க் கைகாட்டி நிறுத்தினான்.

"அம்மா, நீங்க பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க போலிருக்கு. பின்னாடி லைட்டு அணையவே மாட்டேங்குது."

"சத்தியமா இல்ல தம்பி!" தையல்காரம்மா பதறிப்போய் இரண்டு காலையும் இருக்கைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

அவன் பின்னால் போய்ப் பார்த்தான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிரேக் அக்கா குனிந்து பார்த்தாள். தன் வலது செருப்பு பிரேக்கின் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. ஒரு விரற்கடை மேலே நிற்கிறது என்று அவள் சத்தியம் செய்திருப்பாள். அழுத்துவது தெரியவில்லை. பட்டுக்கொண்டிருப்பதே தெரியவில்லை. காலையில் மிதித்துப் பார்த்தாள்தான். மிதிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்தாள். மிதிக்காமல் வைக்க முடிகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

அவள் தையல்காரம்மா பக்கம் திரும்பினாள்.

"வண்டிய நான்தான் பிடிச்சு வச்சிருந்திருக்கேன் அம்மா. உங்களப் போட்டுத் திட்டிட்டேன்" என்றாள். தையல்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃப்ரிட்ஜ்காரனுக்குப் பாதி விளங்கியது. மீதியை அவளே சொன்னாள். "டாக்டர் போதும்னு சொல்லல. நானா விட்டுட்டேன்."

அவன் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினான். திட்டியிருந்தால் தேவலை. "ஸ்கூட்டர்ல ஏறு" என்று மட்டும் சொன்னான்.

புதிய ஸ்கேனில் முதுகுத் தண்டில் ஒரு புண், மூளையில் அவள் உணராமலேயே வந்து உட்கார்ந்திருந்த சில புண்கள். டாக்டரம்மாவுக்குக் கோபம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. "விட்டதாலதான் இது வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா வர்ற வாய்ப்பு குறைஞ்சிருக்கும். காய்ச்சல் தாங்க முடியலன்னு என்கிட்ட வந்திருந்தா வேற மருந்து பாத்திருப்பேன். இந்த ஒண்ணுதான்னு யார் சொன்னது?"

வீக்கத்தை அடக்க முதலில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிசியோதெரபிக்கு ஓடினாள். வலது காலில் பலம் ஓரளவு வந்தது, நடை சரியானது. பாதத்தின் அடியில் உணர்வு மட்டும் வரவில்லை. கம்பளிக் காலுறை போட்டதுபோலவே இருந்தது. மாதங்கள் கழித்து அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தக் கால் இனிமே பழையபடி ஆகுமா டாக்டர்?"

"இன்னும் கொஞ்சம் தேறலாம். முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்க அன்னிக்குச் சொன்ன பலமான புது மருந்து போட்டா?"

"போனத அது திருப்பித் தராது. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கும்."

அப்படியானால் மருந்து வலது காலுக்கு இல்லை, இடது காலுக்கு. இது மட்டும் இந்தத் தடவை அவள் மனதில் நேராகப் போய் இறங்கியது. அவள் தன் இடது செருப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி, அந்தப் பலமான மருந்தப் பத்திச் சொல்லுங்க" என்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து. வழி தவறிய காவல்காரர்களில் ஒரு கூட்டத்தையே அது வெளியேற்றிவிடும். அதனால் நோய்த்தொற்று வருகிற வாய்ப்பு கூடும். உடம்பில் மஞ்சள்காமாலைக் கிருமியோ காசநோயோ ஒளிந்திருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும், தடுப்பூசிகளை முன்பே முடிக்க வேண்டும், சாதாரணக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யக் கூடாது. கணவனுக்குக் கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"காவலையே காலி பண்ணிட்டா வீடு என்னம்மா ஆகும்?" என்றான் வெளியே வந்ததும்.

"முழுசா காலி பண்ணலங்க. கடிக்கிறவனத்தான். தலைவலி காய்ச்சல்னா நான் ஓடிப்போய்க் காட்டுறேன். அதுக்குப் பயந்து இந்தக் காலயும் என்னால குடுக்க முடியாது."

வீட்டுக்குப் போனதும் அவன் நடுத்தட்டிலிருந்த தக்காளியை எடுத்துக் கீழே வைத்துத் தட்டைத் துடைத்தான். "இது வீட்டுல வைக்கிற மருந்து இல்லங்க, ஆஸ்பத்திரியிலேயே ஏத்துறாங்க" என்றாள். "தெரியும், இருக்கட்டும்" என்றான். அவள் சமையலறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டதும் அங்கேதான்.

மறுநாள் முதலாளியைப் பார்க்கப் போனாள். அவர் வாடகைக்கு எடுத்த ஒரே வண்டியோடு பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அவளைத் தெரிந்தவர். தங்கமான மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி.

"அலுவலகத்துல உட்காரும்மா. சாலை விதி வகுப்பு எடு. யார் வேண்டாம்னா?"

"எடுக்கிறேன் அண்ணே. கால் சரியில்லாம அந்த சீட்டுல உட்கார்றதுக்கு எனக்கே மனசு வராது. ஆனா இடது கால் நல்லாயிருக்கு. அதுக்குப் பிரேக் பிடிக்கக் கத்துக்குடுக்கப் போறேன். தேறினா சீட்டக் குடுங்க, தேறலன்னா நானே கேக்க மாட்டேன்."

"இடது கால் பிரேக்குக்குப் போனா கிளட்ச யார் மிதிக்கிறது?"

"யாரும் மிதிக்க வேண்டாம். வண்டி அணைஞ்சா அணைஞ்சுட்டுப் போகட்டும். நிக்கணும், அவ்வளவுதானே?"

முதலாளி யோசித்தார். டாக்டரம்மா எழுதித் தர வேண்டும், தான் பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் என்று இரண்டு நிபந்தனை போட்டார். அவள் இரண்டுக்கும் சரி என்றாள்.

ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவள் இப்போது கற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே! கணவன் ஓட்டினால் அவள் மிதிக்கும் முன்பே அவனே பயந்து நிறுத்திவிடுகிறான். வேறு வழியில்லாமல் தையல்காரம்மாவைக் கேட்டாள். அந்தம்மா இதற்குள் இன்னொரு பயிற்சியாளரிடம் ஓரளவு கற்றிருந்தாள்.

"நான் ஓட்டி, நீங்க கத்துக்கிறதா?" தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வர்றேன். ஆனா திட்டுறது என் முறை."

காலி மைதானத்தில் வட்டமடித்தார்கள். இடது கால் பிறந்ததிலிருந்து கிளட்ச் மட்டுமே தெரிந்த கால். பிரேக்கையும் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதிக்கும். இருவர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வரும். "அக்கா, இது காலா, உலக்கையா?" என்று தையல்காரம்மா வெளுத்து வாங்கினாள். பழைய பாக்கியெல்லாம் வட்டியோடு தீர்ந்தது. பிரேக் அக்கா வாங்கிக்கொண்டாள். களைப்பு வந்தால் கண் சொருகும், வெயில் ஏறினால் பாதம் மரத்துப்போகும். அந்த நாளில் நிறுத்திவிட்டு மறுநாள் வருவாள். வராமல் மட்டும் இருக்க மாட்டாள்.

இதற்கு நடுவே மருந்து ஏற்றும் நாளும் வந்தது. சாய்வு நாற்காலி, கையில் ஊசி, துளித்துளியாக இறங்குகிற மருந்து. அலர்ஜி வராமல் முன்னதாகக் கொடுத்த மாத்திரையில் தூக்கம் சொக்கியது. தொண்டையில் லேசாக அரித்தது, நர்ஸ் வந்து வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனாள். பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த ஒரு பெண், கல்லூரி படிக்கிற வயது, மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இது போட்டா நமக்கு என்ன மாற்றம் தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதும்மா. ஒண்ணும் தெரியலையேன்னு மட்டும் விட்டுடாத. நான் விட்டவ" என்றாள். அந்தப் பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி முடிப்பதற்குள் மருந்து இறங்கி முடிந்திருந்தது. அடுத்த முறையும் போனாள், அதற்கடுத்த முறையும். கண்ணை மூடி வைக்கிற பரீட்சையை நிறுத்தியிருந்தாள். வருஷ ஸ்கேனில் புதிதாகப் புண் எதுவும் இல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார்.

முதலாளி பின்னால் ஏறி உட்கார்ந்து, ஆட்டம் பார்க்க வந்தவர் மாதிரி இரண்டு இருக்கைக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டார். தையல்காரம்மா தள்ளித் தள்ளிப் போட்ட லைசென்ஸ் தேர்வு அடுத்த வாரம். அவள்தான் ஸ்டியரிங்கில். பிரேக் அக்கா பக்கத்து இருக்கையில் வலது காலை ஓரமாக மடக்கி வைத்து, இடது காலைப் பிரேக்குக்கு மேலே கொண்டுவந்தாள். இன்றைக்குத் தப்பினால் இனி இந்த இருக்கை இல்லை. அது மூவருக்கும் தெரியும்.

கடைத்தெரு. காய்கறி வண்டிகள், சைக்கிள்கள், ஹாரன். எல்லாவற்றையும் தையல்காரம்மாவே சமாளித்தாள். பிரேக் அக்காவின் கால் இறங்கவே இல்லை. முதலாளி பொறுமையிழந்து நெளிந்தார். அப்போது ஓரமாக நின்றிருந்த வேன் ஒன்றின் கதவு பட்டென்று திறந்தது. பெரிய அட்டைப்பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு ஆள் சாலைக்குள் இறங்கினான்.

வண்டி நின்றது. ஒரு குலுக்கல் குலுக்கி அணைந்தது. பெட்டிக்காரன் எதையும் பார்க்காமலேயே அவன் பாட்டுக்குக் கடந்து போனான்.

தையல்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவளுக்கு ஒரே கோபம். "நான் பிடிக்கத்தான் போனேன்! அதுக்குள்ள நீங்க ஏன் பிடிச்சீங்க? இப்ப வண்டி அணைஞ்சு போச்சு, இதுவும் என் தலையிலதான் விழும்!"

பிரேக் அக்கா குனிந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிரேக்கின் ரப்பர் வரிகள் செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் அழுத்துவது அவளுக்குத் தெரிந்தது.

"இல்லம்மா, உங்க தலையில விழாது. பிடிச்சது நான்தான்." பின்னால் திரும்பி இன்னொரு முறையும் சொன்னாள். "அண்ணே, நான்தான் பிடிச்சேன்."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் முதலாளி. "கால எடும்மா, பின்னால ஹாரன் அடிக்கிறாங்க."

அவள் இடது காலைத் தூக்கினாள். ஒரு விரற்கடை மேலே நிறுத்தினாள். அது அங்கேயே நின்றது.

"வண்டிய எடுங்க" என்றாள் தையல்காரம்மாவிடம். "கிளட்ச மெதுவா விடுங்க."